எதற்கும் உதவாத வெளிச்சம்

யுத்தம் எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்ட அந்த வருஷம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மார்கழி மாலையில், எங்கள் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் விளக்கை நான் ஏற்றிய சற்று நேரத்துக்கெல்லாம், இன்னும் நடக்கத் தொடங்காத என் மகன் அந்த விளக்கின் வெளிச்சத்தை விழுங்கிவிட்டான். அவன் விழுங்கியது என் ரவிக்கைப் பித்தானை என்றுதான் நான் பயந்து அலறினேன், ஆனால் பித்தான் பாயிலேயே கிடந்தது, உள்ளே போயிருந்தது வெளிச்சம்.

சென்னைப் பட்டணத்தில் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் கிளிஞ்சல்காரத் தெரு அது. அங்கே யூதப் பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான்: கொச்சியிலிருந்து மிளகு விற்க வந்து, விற்று முடித்த பிறகும் திரும்பிப் போகாதவர்களின் வம்சத்தில் பிறந்த சிம்ஹா என்கிற நான், ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு தப்பி வந்து என் வீட்டு மாடியறையில் குடியிருந்துகொண்டு கான்வென்ட்டில் பியானோ சொல்லிக்கொடுத்த ஹன்னா. என் கணவர் நெகேமியா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். சர்க்கார் யுத்தத்துக்காகக் கப்பலை எடுத்துக்கொண்டபோது அதன் திருகாணிகளோடு சேர்த்து அவரையும் எடுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று கேட்பதுகூடக் குற்றமாகிவிட்டது. மழைக்கு முன்னால் எங்கிருந்தோ ஒற்றை விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட, போக இடமில்லாத நாங்கள் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு மிச்சமிருந்தோம்; கார்த்திகைக்கு அகல்களைக் கட்டிலுக்கு அடியில் ஏற்றினார்கள், கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள் உள்ளே விளக்கில்லாமல் வாசல்களில் வெறுமனே ஆடின, பெருமாள் கோயில் பஜனைக்காரர்கள் விடியற்காலையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குருடர்களைப்போல வரிசையாகப் பாடிக்கொண்டு போனார்கள்.

ஹனுக்கா விளக்கை வாசலருகே, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். ஆபத்துக் காலமானால் உள்ளே மேஜைமேல் வைத்தால் போதும் என்றும் எங்கள் முன்னோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று எங்கள் ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் தயாராக இருக்கும், அதைப் பார்த்தாலே தெரியும் நாங்கள் எப்படி வாழ்ந்து வந்திருக்கிறோம் என்று. பித்தளைப் பலகையில் எட்டுக் குழிகள், இரவுக்கு ஒன்று கூட்டி ஏற்ற வேண்டும். எட்டுக்கும் மேலே தனியாக இன்னொரு குழி உண்டு, அதற்கு வேலைக்காரன் என்று பெயர், ஏனென்றால் அந்த எட்டின் வெளிச்சத்தை எந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது. அதில் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது, அரிசி பொறுக்கக் கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே நமக்கு அனுமதி. தப்பித் தவறி வேறு ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால், அது வேலைக்காரன் வெளிச்சத்தில் பட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் அந்த ஒன்பதாவது.

தேங்காயெண்ணெய் கிடைக்காத வருஷம். வேலைக்காரனுக்கு ஊற்றினால் எட்டாம் நாளுக்குப் பற்றாது என்று அவனை மட்டும் காலியாக விட்டுவிட்டு ஒற்றைத் திரியை ஏற்றினேன். அப்போதுதான் பிஞ்சு எதையோ மென்றான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பின்ஹாஸ், தெரு வைத்தது பிஞ்சு. பித்தானைக் காணோம், அவன் முகம் சிவக்கிறது, வீட்டில் வேறு விளக்கு இல்லை, நான் என்ன செய்வேன், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்த ஒற்றைத் திரிக்கு நேரே அவன் வாயை இரண்டு விரலால் திறந்து பிடித்து உள்ளே பார்த்தேன். அவன் ஒரு தடவை விழுங்கினான். திரி எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதைச் சுற்றிலும் வெளிச்சம் இல்லை. என் கையில்தான் இருந்தது. தொண்டையில் ஆரம்பித்து நெஞ்சுக்கு இறங்கி, தொடை மடிப்புகள் வழியாகக் கால்விரல் வரைக்கும் போய் நிரம்பி, அவன் மஞ்சளாக, மெத்தென்று, ஏப்பம் விட்டுக்கொண்டு எரிந்தான். சூடில்லை. வலியில்லை. அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. கம்பளியைப் போட்டுச் சுற்றினேன், கம்பளியைத் தாண்டி வெளிச்சம் வந்தது. கறுப்புக் காகிதத்தைச் சுற்றினேன், அதையும் தாண்டி வந்தது. தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து அவனை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தேன், தகரத்தையும் தாண்டி, சுவரையும் தாண்டி அவன் தெருவுக்குத் தெரிந்தான். அதற்குள் விசில் சத்தம் வந்துவிட்டது.

பகலில் சோடாக்கடையும் பொழுது சாய்ந்தால் வெளிச்சம் கசியாமல் தெருவைக் காக்கும் ஏ.ஆர்.பி. வார்டன் வேலையும் பார்க்கும் தணிகாசலம், தகரத் தொப்பி காதை மறைக்க, கதவைத் தட்டு தட்டென்று தட்டினான்.

"யாரும்மா உள்ள? லைட்டை அணை!"

"அணைக்க முடியல தணிகாசலம்."

"இன்னாது, முடியலையா? ஊதும்மா! வாய் இல்ல?"

"ஊதற விளக்கில்ல. குழந்தை."

அவன் உள்ளே வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "கொழந்தையா," என்றான். "எண்ணெ விளக்கு, டார்ச்சு, அடுப்பு, பீடின்னு கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. கொழந்தை பத்தி ஒண்ணும் சொல்லல." பிறகு தரையில் உட்கார்ந்து, பிஞ்சுவின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "ஏம்மா, வாயைத் தொறந்து பாத்தியே, உள்ள ஒலகம் எதுனா தெரிஞ்சுதா?"

"நான் பித்தானைத் தேடிட்டிருந்தேன்ப்பா."

"அதானே," என்றான் தணிகாசலம், ஒரு நல்ல வாய்ப்பை நான் கைவிட்டுவிட்டதைப்போல.

மறுநாள் பகலில் பிஞ்சு எல்லாக் குழந்தையையும்போல இருந்தான். சாயங்காலம் இரண்டாம் விளக்கை ஏற்றியதும் மறுபடி எரிந்தான், முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக. தெரு திரண்டு வந்தது, வெறுங்கையோடு யாரும் வரவில்லை. மண்ணெண்ணெய் இல்லாத ஊரில், எண்ணெய் கேட்காமல் எரிகிற ஒன்று கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிர்வீட்டு ரெஜினாக்கா, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிறவரின் மனைவி, நாலு பெற்றவள், கடைசிக் குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறவள், முறம் நிறைய ரேஷன் அரிசியோடு வந்தாள். பட்டாளத்துச் சட்டை தைக்கிற இத்ரீஸ் பாய் காஜா எடுக்க வேண்டிய துணிக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு பேரும் பிஞ்சுவின் இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையை எடுத்தார்கள்.

"தங்கச்சி," என்றார் இத்ரீஸ் பாய் மெதுவாக, "இவன் மூக்கு தெரியுது. மூக்கு மேல பொடிப்பொடியா வேர்வை தெரியுது. என் கையில இருக்கிற ஊசி தெரியல."

"ஊசி என்ன, எனக்கு முறமே தெரியல," என்றாள் ரெஜினாக்கா. "இது என்னடி வெளிச்சம் சிம்ஹா? கல் எது அரிசி எதுன்னு காட்டாத வெளிச்சம் என்னத்துக்கு ஆகும்? சோம்பேறி வெளிச்சம்!"

உண்மைதான். அந்த வெளிச்சத்தில் அவனைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் வைத்த செய்தித்தாள் இருட்டாகவே இருந்தது, தட்டிலிருந்த சோறு இருட்டாகவே இருந்தது, பாயின் விளிம்பில் அவன் கைக்குக் கீழே வெளிச்சம் கத்தரித்ததுபோல நின்றது. என்ன செய்தாலும் பார்க்க முடிந்தது அவனை மட்டும்.

"எங்க சட்டப்படி சரியாத்தான் எரியறான் அக்கா," என்றேன்.

"உங்க சட்டத்தைக் கொண்டுபோய் அடுப்புல வை," என்றாள் அவள், ஆனால் முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள்.

எதற்கும் உதவாது என்று தெரிந்த பிறகுதான் தெரு அவனிடம் பழக ஆரம்பித்தது. வேலை முடிந்து வருகிறவர்கள் கைகால் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தார்கள், இருட்டான வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தின்று படுத்துப் பழகிப்போனவர்கள், பார்க்க ஒன்று இருக்கிறதே என்று வந்து, அவன் கொட்டாவி விடுவதையும் கால் கட்டைவிரலைச் சப்புவதையும் ஒரு நாடகம்போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். பஜனைக்காரர்கள் என் ஜன்னலுக்கு நேரே ஒரு பாட்டு அதிகமாகப் பாடினார்கள். மூன்றாம் நாளுக்குள் அதிசயம் பழசாகி, பேச்சு பல்லுக்கு வந்துவிட்டது. பல் முளைக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வெளிச்சம் சூடாகாதா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, வெளிக்கும் வெளிச்சமாகத்தான் போகிறானா என்று கேட்டார்கள். அது மட்டும் எல்லாக் குழந்தையையும்போலத்தான் என்று நான் சொன்னபோது, தெருவுக்கு அதில் ஒரு நிம்மதி.

ஹன்னா மட்டும் உள்ளே வரமாட்டாள். மாடிப்படியில் நின்று பார்ப்பாள். பிஞ்சு பிறந்ததிலிருந்து அவள் அவனைத் தொட்டதில்லை. அவளுடைய ஊரில் அவள் அக்காவும், அக்காவுக்கு இதே வயதில் ஒரு பெண்ணும் இருந்தார்கள், அவர்களைப் பற்றிக் கடைசியாகச் செய்தி வந்து பல மாதமாகிவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கான்வென்ட்டிலிருந்து மதர் செராஃபின் வந்தார்கள். எனக்கு எழுத்தும் ஜெபமும் தையலும் சொல்லிக்கொடுத்தவர்கள், நான் யூதப் பெண் என்பதை ஒரு நாளும் மறக்காமல், ஒரு நாளும் அதற்காக என்னைக் கடிந்துகொள்ளாமல் வளர்த்தவர்கள். நாற்காலியில் உட்காராமல் பிஞ்சுவுக்கு முன்னால் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் குடிலில் ஒரு மெழுகுவத்திகூட இல்லை, மகளே," என்றார்கள். "களிமண் இயேசு பாலகன் இருட்டிலே கிடக்கிறார். ஒரு மணி நேரம் இவனைக் கொடு. வைக்கோல்மேல் மெத்தை போட்டு, நானே பக்கத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் எத்தனை நாளாக வெளிச்சத்தைப் பார்க்கவில்லை தெரியுமா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை மதர். பொழுது சாஞ்சா எங்களுக்கு ஓய்வுநாள் ஆரம்பிக்குது."

"அவரும் உன் ஜனத்தில் பிறந்த பிள்ளைதானே? அவருக்கும் அது ஓய்வுநாள்தானே?"

அவர்கள் எதைக் கேட்டும் நான் முடியாது என்று சொன்னதே கிடையாது. "தெரியும் மதர்," என்றேன். "அதனாலதான் பயமா இருக்கு. அந்த இடத்துல படுக்கவச்சா இவன் இவனா இருக்கமாட்டான். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

மதர் செராஃபின் எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, "நன்றாகத்தான் படித்திருக்கிறாய்," என்றார்கள், கோபமா வருத்தமா என்று எனக்கு விளங்காத குரலில். அன்று பூசை முடிந்ததும் கான்வென்ட் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து என் வீட்டிலேயே அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் என் மகன் எட்டு நாளும் தெருவின் செல்லமாக எரிந்து தீர்ந்திருப்பான். தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை. வெளிச்சம் வெளியே தெரிகிறதா இல்லையா என்று மேலதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்து, ஒரு சாயங்காலம் ஐகோர்ட்டு கலங்கரை விளக்கின் காவற்காரனைக் கெஞ்சி, அணைத்துவைத்திருந்த அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தான். வீடு நிறைய ஆள்.

"ஹார்பர் தெரில," என்றான். "கப்பல் தெரில, கோட்டை தெரில, நம்ம தெருவே தெரில. ஒரே மை. அந்த மைக்கு நடுவுல பிஞ்சு மட்டும் தெரியறான். கட்டைவெரலை வாயில வச்சிக்கினு இருந்தான், அதுகூடத் தெரிஞ்சுது. ஏரோப்ளான்ல இருந்து பாத்தா அவன் மட்டுந்தான் தெரிவான்."

நான் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஆனால் மற்றவர்களிடம் வேறு ஏதோ நடந்தது. முதலில் ரெஜினாக்காதான் அதைச் சொன்னாள், யோசித்துக்கூட அல்ல, அரிசி களைகிறபோது சொல்வதுபோல.

"அப்ப குண்டு போட வர்றவன் கண்ணுக்கு ஒரு பிள்ளைதானே தெரியும்? பிள்ளைமேல எவன்டி குண்டு போடுவான்? அபாயச் சங்கு ஊதினா இவனைத் தூக்கிட்டுப்போய் மொட்டை மாடியில வச்சிடணும். பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவான்."

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவு அன்போடு அந்த ஏற்பாடு நடந்தது. மாடியில் பனி பெய்யும் என்று இத்ரீஸ் பாய் பட்டாளத்துத் துணியில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டுப் பஞ்சு வைத்து ஒரு குட்டி மெத்தை தைத்தார். பிரம்புத் தொட்டில் ஒன்று வந்தது, கொசுவலை வந்தது, காற்றில் கவிழாமலிருக்கத் தொட்டிலின் காலில் கட்டக் கருங்கல் வந்தது. யார் வீட்டு மாடியில் வைப்பது என்று சண்டையும் வந்தது. எங்க மாடிதான் நடுவுல இருக்குது, தெரு முழுக்கக் காப்பாகும் என்று ஒருவர், உங்க மாடியில கைப்பிடிச் சுவரு இல்ல, பிள்ளை விழுந்துட்டா என்று இன்னொருவர். பிள்ளை விழுந்துவிடுமே என்று எத்தனை கவலை! நான் முடியாது என்றேன். பயப்படாதே தங்கச்சி, நானும் கூடவே மாடியில் உட்கார்கிறேன் என்றார் இத்ரீஸ் பாய், அவர் உட்கார்ந்தும் இருப்பார். நான் மறுபடி முடியாது என்றேன். புருஷன் ஊரில் இல்லாத பெண், பயந்த சுபாவம், நேரம் வந்தால் சரியாகிவிடுவாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அப்போது மாடிப்படியிலிருந்து ஹன்னா பேசினாள். கடைத்தெருவில் கற்ற தமிழ். பாதி வார்த்தை காய்கறிக்காரியுடையது, பாதி அவளுடையது.

"நீங்க நினைக்கிறீங்க அவங்களுக்குத் தெரியாது," என்றாள். "தெரியாம போடறாங்க, குழந்தை தெரிஞ்சா போடமாட்டாங்க. எங்க ஊர்ல இருட்டு இல்ல. பகல். என் அக்கா பொண்ணுக்குச் சிவப்புத் தொப்பி, நல்லாத் தெரியும். கடைசிச் செய்தியில வந்துச்சு. அவங்க பார்த்தாங்க. நல்லாப் பார்த்தாங்க. பார்த்துட்டுத்தான்."

அதற்குமேல் அவளுக்குத் தமிழ் இல்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் ரெஜினாக்கா, "அது அந்த ஊர்க்காரன்," என்றாள். "இங்க வர்றவன் ஜப்பான்காரன். அவங்களுக்குப் பிள்ளைன்னா உசுராம், எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு." யாரும் அதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொட்டிலையும் யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை, அது என் முன்னறையிலேயே, மெத்தை விரித்து, தயாராக இருந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் பித்தளைப் பலகை முழுக்கத் திரிகளை ஏற்றினேன். பிஞ்சு அதுவரைக்கும் எரியாததுபோல எரிந்தான், அவனுடைய முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, கண் இமைக்குள் கருவிழி ஓடுவதுகூடத் தெரிந்தது. இன்றைக்கு ஒரு பொழுது, நாளைக்கு இவன் இருட்டாகிவிடுவான், எல்லார் பிள்ளையையும்போல ஆகிவிடுவான், அந்த ஒரு பொழுதை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஏறியும் இறங்கியும் அழுகிற சங்கு.

மாடிப்படிக்குக் கீழே விறகு வைக்கிற பொந்து ஒன்று உண்டு. அவனைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஒளிந்துகொண்டு என்ன பயன், படிகளின் பலகையைத் தாண்டி அவன் தெரிந்தான். கதவு திறந்தது. ரெஜினாக்கா முன்னால், இடுப்பில் குழந்தை இல்லாமல். அவள் பிள்ளைகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். பின்னால் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இத்ரீஸ் பாய், வாசலில் இன்னும் சிலர்.

"குடு சிம்ஹா. நேரம் இல்ல."

"மாட்டேன் அக்கா."

"தெருவுல எத்தனை உசுரு இருக்குன்னு தெரியுமா உனக்கு? எம்புள்ளங்க நாலும் அங்க கட்டிலுக்கு அடியில கெடக்குதுடி!"

"அப்ப அதுங்களையும் கொண்டுவாங்க," என்று கத்தினேன், என் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. "வரிசையா மாடியில வைப்போம். அஞ்சு பிள்ளையைப் பார்த்தா அவன் இன்னும் சீக்கிரம் திரும்பிப் போவான்!"

"எம்புள்ள எரியலையேடி! எரிஞ்சா வச்சிருப்பேன்!"

"வச்சிருப்பீங்களா?"

அவள் குனிந்து, என் கையிலிருந்து அவனை எடுத்தாள். என் கை அவளிடம் எப்படித் தோற்றது என்று கேட்டால், அவனை இந்த உலகத்தில் முதன்முதலாகக் கையில் வாங்கியவள் அவள்தான், மருத்துவச்சி வருவதற்குள் அவன் வந்துவிட்டபோது; என் கைகளுக்கு அவளைத் தடுத்துப் பழக்கமில்லை. அவள் படியேறினாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே முழங்காலால் ஏறினேன். நாலைந்து படிதான் ஏறியிருப்பாள். பிஞ்சுவுக்கு நேரம் தெரியாது, சங்கு தெரியாது, பசி தெரியும். முகத்தைத் திருப்பி அவள் ரவிக்கையை வாயால் தேடினான், முட்டினான், கிடைக்காமல் வீறிட்டு அழுதான்.

ரெஜினாக்கா நின்றுவிட்டாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் கருத்து நனைந்து, ஈரம் வயிறுவரைக்கும் இறங்கியது. அவன் முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்ததால் அவனோடு சேர்ந்து அந்த ஈரமும் தெரிந்ததோ, அல்லது வாசனைதானோ, எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. அவள் தன் உடம்பை, அது தன்னைக் கேட்காமல் செய்த காரியத்தை, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"யார் வேணா மேல போங்கடா," என்றாள். "நான் உக்காந்துட்டேன்." அந்தப் படியிலேயே உட்கார்ந்து மாராப்பை ஒதுக்கினாள்.

அவள் மார்பில் அவன் முகம் புதைந்த இடம் இருட்டானது. தலைக்குப் பின்னால் அவள் கை தாங்கிய இடமும் இருட்டானது. பால் கொடுக்கும்போது என் கைக்குக் கீழே அப்படி ஆவதை நான் பார்த்திருந்தேன்தான். தகரத்தைத் தாண்டுகிற வெளிச்சம் ஒரு மனுஷக் கையைத் தாண்டுவதில்லை. அதை ஒரு வழியாக நான் நினைத்துப் பார்த்ததில்லை, எனக்கு இருப்பது இரண்டே கை. இப்போது அந்த இரண்டையும் அவன் முதுகில் வைத்தேன். முதுகு அணைந்தது. மேலே, தொலைவில், ஏதோ ஒன்று முனகுகிற சத்தம் ஆரம்பித்தது.

"பாய்," என்றேன், "தொட்டிலை வச்சிடுங்க. கையைக் குடுங்க."

இத்ரீஸ் பாய் தொட்டிலை வைத்தார். பால் கொடுக்கிற பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டித் தடவி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களால் அவன் தொடையைப் பொத்தினார். வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, தங்கள் வீட்டுக்கு ஓடினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கையும் வந்து படியும்போது விரல் இடுக்குகளில் சிவப்பாக ஒரு கோடு ஓடி, அந்தக் கைக்குள் இருக்கிற ரத்தமெல்லாம் தெரிந்து, பிறகு அணைந்தது. மேலே படியில் கதவு திறந்தது. ஹன்னா இறங்கி வந்தாள். இன்னும் மூடப்படாமல் இருந்தது அவன் உச்சந்தலை, அந்த மெத்தென்ற துடிக்கிற இடம். அவள் தன் கையைப் பாவாடையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு அதன்மேல் வைத்தாள், வைத்ததும் சூடு பட்டவள்போல எடுக்கப் பார்த்து, எடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

குதிகால் ஒன்று மட்டும் அடங்கவில்லை. பால் குடிக்கிற சந்தோஷத்தில் அவன் உதைத்துக்கொண்டே இருந்தான், யாருக்கும் கை மிச்சமில்லை, அந்தக் குதிகால் கூரையையும் தாண்டி எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டு! லைட்டு!" தணிகாசலம் விசிலை வாயில் வைத்தபடியே கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "யாரூட்டு... " என்றவன் எங்களைப் பார்த்தான். பார்க்க என்ன இருந்தது, ஒரு குதிகாலும் அதைச் சுற்றி இருட்டில் மூச்சுவிடுகிற சிலரும்.

"மசமசன்னு நிக்காதடா," என்றாள் ரெஜினாக்கா. "பிடி."

அவன் டார்ச்சைக் கீழே வைத்தான். தொப்பி இடித்துக்கொள்ள, படியில் ஒருக்களித்துப் படுத்து, அந்தக் குதிகாலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வாங்கிக்கொண்டான். உதைத்தது, வழுக்கியது, மறுபடி பிடித்தான். பிஞ்சு முழுசாக அணைந்தான்.

முனகல் நெருங்கியது, எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது, அது நம்முடையதா அவர்களுடையதா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அந்த இருட்டில் எந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, என் கை எது என்றுகூடத் தெரியவில்லை, கேட்டதெல்லாம் அவன் பால் இழுக்கிற சத்தமும் நடுநடுவே திருப்தியாக விடுகிற பெருமூச்சும்தான். முனகல் தேய்ந்தது. கடல் பக்கமாகப் போய்க் கரைந்தது. வெகுநேரம் கழித்து, அபாயம் இல்லை என்கிற நீண்ட ஒற்றைச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"எடுக்கலாமா?" என்று தணிகாசலம் ரகசியமாகக் கேட்டான்.

"நீ முதல்ல எடு."

"பாய் எடுக்கட்டும்."

"தங்கச்சி சொல்லட்டும்."

கைகளுக்குக் கீழே அவன் இன்னும் எரிகிறானா, எரிந்து தீர்ந்துவிட்டானா, அது யாருக்கும் தெரியாது. எதைப் பார்க்க அதிகம் பயந்தோம் என்பதும் தெரியாது. பிஞ்சு தூங்கிவிட்டான். கால் மரத்துப்போகிறது என்று ரெஜினாக்கா முணுமுணுத்தாள், ஆனால் அசையவில்லை. யாரும் கையை எடுக்கவில்லை.